ஓவர்டைம் (ஓடி) கணக்கு கேட்டு டிஏடிஎம் (சம்பளத் தகராறைப் பேசித் தீர்க்குற சிங்கப்பூர் அமைப்பு) லெட்டர் வந்துடுச்சு, நான் என்ன செய்யணும்?

கேள்வி: சிங்கப்பூர் தேக்கா பக்கத்துல சின்னதா கேட்டரிங் நடத்துறேன், என்னையும் சேர்த்து ஏழு பேரு. ஜொகூர்லருந்து வந்து போற ஒரு பையன் மூணு வருஷமா கிச்சன்ல வேலை பாத்தான், வொர்க் பெர்மிட், மாசம் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ரெண்டாயிரம்னா எல்லாம் சேர்த்துதான்னு அவனுக்கே தெரியும். காலைல பத்துலருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் வேலை, நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு, வாரத்துல ஆறு நாள். தீபாவளி ஆர்டர் நேரத்துல சண்டை போட்டுட்டு சொல்லாம கொள்ளாம வேலைய விட்டு நின்னுட்டான். கிரைண்டர் மோட்டாரை வேற கெடுத்துட்டான், 600 வெள்ளி செலவு. அதனால கடைசி மாசச் சம்பளத்தை நான் தரல. இப்ப ஓவர்டைம் பாக்கின்னு டிஏடிஎம்ல புகார் கொடுத்துருக்கான், அவன் சொல்ற மணிக்கணக்கு பொய். ஃபேஸ்புக்ல வேற சம்பளம் தரல, திருடன்னு என்னை எழுதுறான். மான நஷ்ட கேஸ் போடலாம்னு என் மகன் சொல்றான். போடலாமா?

பதில்: அண்ணே, மான நஷ்ட கேஸை முதல்ல ஓரமா வைங்க. அவரு எழுதுனதுல "சம்பளம் தரல"ங்கிற பகுதி உண்மைன்னு நீங்களே என்கிட்ட சொல்லிட்டீங்க, உண்மையைச் சொன்னதுக்கு மான நஷ்டம்னு போய் நின்னா வக்கீல் ஃபீஸ் மட்டும்தான் மிச்சம், அந்த ஃபீஸ் எனக்கு வர்றதுன்னாலும் சொல்றேன், வேணாம். போஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, பதில் எதுவும் போடாதீங்க.

இப்ப கடைசி மாசச் சம்பளம். கோவத்துல பிடிச்சு வச்சீங்க, புரியுது, ஆனா சட்டம் அப்படி விடாது. நோட்டீஸ் இல்லாம போனவருக்கும் ஏழு நாளுக்குள்ள பாக்கியக் கொடுத்துடணும். நோட்டீஸ் நாளுக்கு உண்டான சம்பளத் தொகைய மட்டும் நீங்க கழிச்சுக்கலாம். கான்ட்ராக்ட்ல நோட்டீஸ் பத்தி எதுவும் எழுதலைன்னா ரெண்டு வருஷத்துக்கு மேல அஞ்சு வருஷத்துக்குள்ள இருந்தவருக்கு ரெண்டு வாரம், 2,000 வெள்ளி சம்பளத்துல அது சுமார் 923 வருது. கிரைண்டர் விஷயம் வேற. அவரு கவனக்குறைவாலதான் போச்சுன்னு இருக்கணும், அவரக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கணும், அப்படிக் கேட்டிருந்தாலும் ஒரு மாசச் சம்பளத்துல கால் பங்கு, அதாவது 500 வெள்ளிக்கு மேல கை வைக்க முடியாது. நீங்க கேக்கவே இல்ல. பழைய மோட்டார் தானா எரிஞ்சுதுன்னு அவரு சொன்னா உங்ககிட்ட பதில் இருக்கா? அதனால கிரைண்டரை மறந்துட்டு 923ஐக் கழிச்சு மீதி 1,077ஐ இன்னைக்கே பேங்க்ல போட்டுடுங்க, கணக்கு போட்ட பேப்பரையும் அனுப்புங்க. சம்பளம் கொடுக்காம இருக்கிறது வெறும் பாக்கி விவகாரம் இல்லண்ணே, அது குற்றம், முதல் தடவைன்னாலே 3,000லருந்து 15,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம்.

ஓடிதான் பெரிய விஷயம். "ரெண்டாயிரம்னா எல்லாம் சேர்த்துதான்னு அவனுக்கே தெரியும்"னு எழுதியிருக்கீங்க. தெரியும்னு எங்க எழுதியிருக்கு? எம்ஓஎம்ல (மனிதவள அமைச்சு) பெர்மிட் எடுக்கும்போது வந்த ஐபிஏ லெட்டரை (பெர்மிட்டுக்குக் கொள்கையளவுல ஒப்புதல் கொடுக்குற கடிதம்) எடுத்துப் பாருங்க, அதுல அடிப்படைச் சம்பளம் 2,000ன்னு நீங்களே போட்டிருந்தா, எல்லாம் சேர்த்துதான்னு வாயால சொன்னது நிக்காது. அப்புறம் கணக்கு இப்படிப் போகும்: 2,000ஐ 12ஆல பெருக்கி, 52ஐயும் 44ஐயும் பெருக்குனதால வகுத்தா மணிக்கு 10 வெள்ளி 49 காசு. ஓடிக்கு ஒன்றரை மடங்கு, 15 வெள்ளி 73 காசு. காலைல பத்துலருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும், நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, வாரத்துல ஆறு நாள், ஆக 60 மணி நேரம், 44 போக 16 மணி ஓடி. வாரத்துக்கு 250 வெள்ளிக்கு மேல. ஒரு வருஷத்துக்கு விரிச்சுப் பாருங்க, 13,000ஐத் தாண்டும். தீபாவளி சீசன்ல வார ஓய்வு நாள்லயும் கூப்பிட்டு வேலை வாங்கியிருந்தா அது தனிக் கணக்கு, அரை நாளுக்கு மேல பாத்திருந்தா அந்த நாளுக்கு ரெண்டு நாள் சம்பளம். மாசத்துக்கு 72 மணிக்கு மேல ஓடி வாங்கவே கூடாது, அதையும் தாண்டியிருந்தீங்கன்னா இன்னொரு தலைவலி.

அவரு சொல்ற மணிக்கணக்கு பொய்யின்னு நீங்க சொல்றீங்க. இருக்கலாம். ஆனா அவரு வாட்ஸாப் குரூப்ல நீங்க அனுப்புன ரோஸ்டர், "நாளைக்கு 7 மணிக்கே வாங்க"ன்னு போட்ட வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வச்சிருப்பாரு, நீங்க என்ன வச்சிருக்கீங்க? பஞ்ச் கார்டு இல்ல, பேஸ்லிப் இல்ல, பாதிச் சம்பளம் கையில கொடுத்தது, அதுக்கு வவுச்சர்ல கையெழுத்து வாங்கலன்னும் சொல்றீங்க. மணிக்கணக்கு எழுதி வைக்க வேண்டியது முதலாளி பொறுப்பு, எழுதாதவரு எதிராளியோட நோட்டைப் பொய்னு சொன்னா கேக்குறவங்க முகத்தைப் பாத்தே உங்களுக்குப் புரிஞ்சிடும்.

பயப்பட வேணாம், டிஏடிஎம்ங்கிறது கோர்ட் இல்ல, உக்காந்து பேசி முடிக்கிற இடம். அங்க முடியலன்னாதான் வேலையிட உரிமை கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும், அங்க ரெண்டு பக்கமும் வக்கீல் வர முடியாது, அதனால நான் வந்து வாதாடுறேன்னு நினைக்காதீங்க. பேசி முடிக்கிறதுன்னா கெஞ்சுறது இல்ல. அவரு உண்மையா லீவு எடுத்த நாள், ஜொகூர் போய் ரெண்டு நாள் வராம இருந்தது, பொது விடுமுறை, மதியத்துல கடை சும்மா இருந்த மாசங்கள் இதையெல்லாம் ஆர்டர் புக்கோட ஒப்பிட்டு நியாயமா ஒரு எண்ணுக்கு வாங்க, அதை ரெண்டு மூணு தவணையா கொடுக்கக் கேளுங்க. ஒப்பந்தம் கையெழுத்தானதும் சொன்ன தேதிக்குக் கட்டிடுங்க, கட்டலன்னா அதை கோர்ட்ல பதிவு பண்ணி கோர்ட் ஆர்டர் மாதிரியே உங்ககிட்ட வசூல் பண்ண முடியும்.

மிச்சம் இருக்க ஆளுங்களுக்கு இந்த மாசத்துலருந்தே செய்யுங்க. வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள்ள முக்கிய வேலை விதிமுறைகளை எழுதிக் கொடுக்கணும், பேஸ்லிப் 2016 ஏப்ரல்லருந்தே கட்டாயம், ரெண்டுக்கும் எம்ஓஎம் வெப்சைட்ல வெத்து ஃபாரமே கிடக்கு, ஓசிதான். அதுல அடிப்படை தனி, ஓடி தனியாப் போடுங்க. வர்ற நேரம் போற நேரம் எழுத ஒரு நோட்டு போதும், ஆனா வாராவாரம் அவங்களே கையெழுத்து போடணும். சம்பளம் பேங்க் வழியா மட்டும்.

இதைப் படிக்கிற வேலைக்காரங்களுக்கும் ஒண்ணு. வேலைய விட்ட பிறகு சம்பளப் பாக்கிக்கு ஆறு மாசம்தான் டைம், அநியாயமா வெளிய அனுப்பிட்டாங்கன்னு சொல்றதா இருந்தா ஒரே மாசம், "தவுக்கே (முதலாளி) நல்லவரு, கொடுத்துருவாரு"ன்னு காத்திருந்து தேதிய விட்டவங்க என்கிட்ட நிறையப் பேரு வந்திருக்காங்க, அப்புறம் நான் என்ன செய்ய முடியும். நேரத்தை நீங்களும் தனியா எழுதி வைங்க, தொகை எழுதாத வவுச்சர்ல கையெழுத்து போடாதீங்க, கோவத்தை ஃபேஸ்புக்ல கொட்டுனா "பாக்கி வச்சிருக்காரு"ங்கிறதோட நிறுத்துங்க, திருடன் கிருடன்னு போனா அதுவே உங்க மேல திரும்பும்.

அண்ணே, லெட்டர்ல போட்டிருக்க தேதிக்கு முன்னாடி பதில் அனுப்பிடுங்க. பேச்சுவார்த்தைக்கு ஐபிஏ லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆர்டர் புக், வாட்ஸாப் பிரிண்ட்னு எல்லாத்தையும் எடுத்துக்குங்க, கணக்கு எழுதுற பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. மகன் கடையப் பாத்துக்கட்டும்.