கட்டிலுக்கடியில் பதுங்கும் நாய்

வணக்கம். மீட்டு வந்த தெருநாய் நாலு நாளாகக் கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தத்தெடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவர்களை இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். நாலு நாள் ஒன்றுமே இல்லை.

வெளியே இழுக்காதீர்கள். தரையில் முதுகு காட்டி உட்கார்ந்து, உப்பு போடாமல் வேகவைத்த கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் போடுங்கள். என்னிடம் இருந்த செவலை ஒன்பதாம் நாள்தான் என் உள்ளங்கையில் ஈர மூக்கை வைத்தது. அன்று அழுதே விட்டேன். அப்புறம்தான் கழுத்துப்பட்டை, ஆட்டோ சத்தம் பழக்குவதெல்லாம்.

சாப்பாட்டையே தொடவில்லை, வாந்தி பேதி என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

அனுப்பும்போது ரேபிஸ் ஊசி போட்ட அட்டையோடு, அது படுத்த துணியையும் துவைக்காமல் கொடுங்கள். புது வீட்டில் பழகிய வாசனை அது ஒன்றுதான்.