மரத் தரை மங்குவது ஏன்?

மரத் தரை பற்றிச் சேர்ந்திருந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மினுமினுப்பது மரம் இல்லை, அதன் மேல் அடித்த பூச்சு. பூச்சு தேய்ந்தால் மினுமினுப்பும் போய்விடும்.

தினமும் பினாயில் ஊற்றித் துடைக்கிறோம். இரண்டே வருடத்தில் தரை மங்கிவிட்டதே? (சென்னை வாசகி)

பினாயிலும் வாளித் தண்ணீரும் மொசைக் தரைக்குச் சரி. மரத் தரையில் பினாயில் ஒரு படலமாகத் தங்கி மங்கலாக்கும். தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி ஓரங்களை உப்ப வைக்கும். அதைவிடப் பெரிய எதிரி வாசலிலிருந்து காலோடு வரும் மணல். அது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி பூச்சைத் தேய்த்துவிடும். ஆகவே முதலில் பூந்துடைப்பத்தால் கூட்டுங்கள், விளக்குமாறு வேண்டாம். பிறகு நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். துடைத்த இடம் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும், அதுதான் அளவு. மரத் தரைக்கென்றே விற்கும் திரவம் சில சொட்டு போதும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் (கம்பளி போன்ற மெத்தென்ற துணி) ஒட்டிவிடுங்கள்.

வினிகர், தேங்காய் எண்ணெய் இரண்டும் பளபளப்பு தரும் என்கிறார்களே?

வினிகர் அமிலம். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் பூச்சை மங்க வைக்கும். எண்ணெய், பூச்சு உள்ள தரைக்குள் இறங்காது. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், ஆளையும் வழுக்கும். தொழில் கற்ற நாளில் ஒரு வீட்டு ஹாலில் நானே எண்ணெய் தடவி, அந்த வீட்டுப் பெரியவர் வழுக்கி உட்கார்ந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம், எண்ணெய் ஏறிய தரையில் புதுப் பாலிஷும் ஒட்டாது.

எங்கள் தரையில் என்ன பூச்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பீரோவுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் பாருங்கள். நகத்தால் லேசாகச் சுரண்டினால் மெழுகு வருகிறதா? வந்தால் அது மெழுகுத் தரை. தண்ணீர் படவே கூடாது, உலர்ந்த துணியால் தேய்த்தால் மினுங்கும். வரவில்லை என்றால் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் பழைய அரக்குப் பாலிஷ். பழைய மர வீடுகளில் இதைப் பார்க்கலாம். இந்த வீடுகளில் சானிடைசர் சிந்தினால்கூடத் தடம் விழும். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பியு பாலிஷ்தான், அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு.

இதையெல்லாம் செய்வதற்கு முன் பலகைகளை உற்றுப் பாருங்கள். ஒரே கணு, ஒரே ரேகை பல பலகைகளில் திரும்பத் திரும்ப வந்தால் அது மரமே இல்லை, லேமினேட். மரப் படம் அச்சடித்த தாள். அதை இழைக்கவோ பாலிஷ் போடவோ முடியாது.

சூடான பாத்திரம் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம், பூத்தொட்டி வைத்த இடத்தில் கறுப்புக் கறை. போகுமா?

வெள்ளை என்றால் ஈரம் பூச்சுக்குள்ளேயே நிற்கிறது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டினால் பல சமயம் மறைந்துவிடும். கறுப்பு என்றால் ஈரம் மரத்துக்கே போய்விட்டது. அதற்கு இழைத்துத்தான் ஆக வேண்டும், ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

டொராண்டோவில் இருக்கிறோம். குளிர்காலத்தில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. அடைக்கலாமா?

வேண்டாம். ஹீட்டர் காற்றை உலர்த்துவதால் மரம் சுருங்குகிறது. கோடையில் தானே சேர்ந்துகொள்ளும். இப்போது எதையாவது திணித்தால் அப்போது பலகை விரிய இடம் இருக்காது. ஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை 35 முதல் 45 சதவீதத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை பாலிஷ் போடுவது?

வருடத்தைக் கேட்காதீர்கள், தரையைக் கேளுங்கள். நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் ஏற்கெனவே தாமதம். அந்த நிலைக்கு விடாமல், மேலே லேசாக உரசி ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் செலவு குறைவு. முழுக்க இழைப்பதைத் தள்ளிப் போடுவது நல்லது. கெட்டித் தேக்குப் பலகை அதைப் பல முறை தாங்கும். ஒட்டுப்பலகை மேல் 2 மில்லிமீட்டர் மரம் ஒட்டிய எஞ்சினியர்டு தரை ஒரு முறை தாங்கினாலே அதிகம்.