காருக்குள் இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு

கேள்வி: சில வாரங்களாக ஹீட்டரைப் போட்டவுடன் காரின் முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிகிறது, இனிப்பான வாடையும் வருகிறது. முன்பக்கக் கார்பெட் ஈரமாக இருக்கிறது. ஹீட்டர் கோர் ஒழுகுவதாகவும், டேஷ்போர்டைக் கழற்றி அதை மாற்ற வேண்டும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். ஒழுக்கை அடைக்கும் திரவத்தை ரேடியேட்டரில் ஊற்றிச் சமாளிக்க முடியாதா?

பதில்: நீங்கள் கூறும் அறிகுறிகள் ஹீட்டர் கோரையே சுட்டுகின்றன. எஞ்சினிலிருந்து வரும் சூடான கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள இந்தச் சிறிய ரேடியேட்டருக்குள் ஓடும்போது, அதன் மீது வீசும் காற்று சூடாகி உள்ளே வருகிறது. அதில் நுண்ணிய துளை விழுந்தால், அந்தக் காற்றோடு கூலண்ட் ஆவியும் வந்து கண்ணாடியில் படியும். ஆயினும் டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன், கார்பெட்டை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறமோ வாடையோ இல்லாத வெறும் நீராக இருந்தால், ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கக்கூடும். அதைச் சுத்தம் செய்தாலே போதும். துணியில் பச்சையோ சிவப்போ ஏறி, விரல்களுக்கிடையே எண்ணெய் போல வழுக்கினால், அது கூலண்ட்தான். அதை நாவில் வைத்துப் பார்க்கவே கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருந்தாலும் கொடிய நஞ்சு என்பதால், குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அந்த ஈரத்தின் அருகே விடாதீர்கள்.

அடைக்கும் திரவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது துளையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ஹீட்டர் கோரிலும் ரேடியேட்டரிலும் உள்ள மெல்லிய குழாய்களிலும் தங்கிவிடலாம். உடனடியாக மாற்ற இயலாவிட்டால், எஞ்சின் அறையின் பின்சுவரில் ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, ஒரு குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிடச் சொல்லுங்கள். ஹீட்டர் வேலை செய்யாது என்றாலும், ஒழுக்கு நின்றுவிடும். கண்ணாடியின் ஆவியைப் போக்க ஹீட்டர் தேவைப்படும் குளிர்காலத்தில் இந்த ஏற்பாட்டை நீட்டிக்க வேண்டாம்.

மாற்றும் வேலையின் அளவு காருக்குக் கார் வேறுபடும். சிலவற்றில் கால் வைக்கும் பக்கமிருந்தே கோரை உருவிவிடலாம், சிலவற்றில் ஒரு முழு நாள் பிடிக்கும். எஞ்சின் நன்கு ஆறிய பிறகே கூலண்டை வடிக்க வேண்டும். ஏர்பேக் இருப்பதால் பேட்டரி இணைப்பையும் துண்டிக்க வேண்டும். ஏசி குழாய்களையும் பிரிக்க நேர்ந்தால், வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் அதற்குரிய இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பலரும் தவறுவது ஹோஸைக் கழற்றும் இடத்தில்தான்: பல ஆண்டுச் சூட்டில் ரப்பர் ஹோஸ், கோரின் உலோகக் குழாயோடு ஒட்டிப் போயிருக்கும் நிலையில், ஹோஸைப் பிடித்து முறுக்கினால் அந்த மென்மையான உலோகக் குழாய் வளைந்தோ, கோரோடு சேரும் இணைப்பில் விரிசல் விட்டோ போகும். பழைய ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்துவிட்டு, புதிய ஹோஸும் கிளாம்பும் போடுவதே நல்லது.

கோர் ஏன் ஓட்டையானது என்பதையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். கெடு கடந்த கூலண்டில் துருத்தடுப்பு மருந்து தீர்ந்து போய், உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்படும். எர்த் இணைப்பு பழுதாகிக் கூலண்ட் வழியே மின்சாரம் பாய்ந்தாலும் அப்படித்தான். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை உலோகத்தில் படாமல் கூலண்டிலும் வைத்து, விளக்குகளையும் விசிறியையும் போட்டுப் பார்க்கையில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், முதலில் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதிய கோரும் சீக்கிரமே அரித்துப் போகும்.

புதிய கூலண்டை, காரின் கையேடு சொல்லும் வகையிலேயே, வாலைவடிநீருடன் உரிய அளவில் கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலை, எஞ்சினை இயக்குவதற்கு முன் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியதால் சற்றுக் குறைந்திருந்தால், கோடு வரை நிரப்புங்கள். கார்பெட்டையும் அதன் அடியிலுள்ள பஞ்சையும் வெளியே எடுத்துக் கழுவி உலர்த்தாவிட்டால், புதிய கோர் போட்ட பிறகும் அந்த இனிப்பு வாடை போகாது.