‘வீட்டில் விழுந்தேன்’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஸ்டாக் எடுக்கப் போனபோது, பாக்கெட்டிலிருந்து கசிந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. “பார்த்து நடக்காதது உன் தப்பு, வீட்டு பாத்ரூமில் விழுந்ததாகச் சொல்லி ஈ.எஸ்.ஐ. லீவு போட்டுக்கோ” என்கிறார் மேனேஜர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பாத்ரூமில் விழுந்தால் அது நோய் விடுப்பு, கடையில் விழுந்தால் பணியிடக் காயம். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இரண்டுக்கும் கணக்கே வேறு. உங்கள் சராசரி தினக்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நோய் விடுப்பில் 70 சதவீதம், அதாவது 280 ரூபாய், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். பணியிடக் காயத்துக்கு 90 சதவீதம், 360 ரூபாய், டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லும்வரை கிடைக்கும். நேற்று சேர்ந்தவருக்கும் இது உண்டு. இதைவிடப் பெரிய விஷயம், எலும்பு கூடிய பிறகும் கை பழையபடி மடங்கவில்லை என்றால் மெடிக்கல் போர்டு இழப்பை மதிப்பிட்டு, அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வர வழி உண்டு. பாத்ரூம் கதைக்கு அதில் ஒரு பைசா வராது.

உங்கள் தப்பா, கடையின் தப்பா என்று இங்கே யாரும் அளக்கப் போவதில்லை, வேலை நேரத்தில் வேலை காரணமாக நடந்ததா என்பதுதான் கேள்வி. பணமும் முதலாளி பாக்கெட்டிலிருந்து போவதில்லை, ஈ.எஸ்.ஐ. கொடுக்கிறது. அப்புறம் ஏன் மறைக்கிறார் என்றால், தரையில் எண்ணெய் ஏன் கிடந்தது என்று மேலிடம் கேட்குமே, அதற்குத்தான்!

சரி, இப்போது என்ன செய்வது? நடந்ததைத் தேதி, நேரத்தோடு மேனேஜருக்கு இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள், ஏனென்றால் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். விழுந்தபோது யாராவது தூக்கிவிட்டிருந்தால் அவர் பெயரையும் சேருங்கள். டாக்டர் ‘எப்படி விழுந்தீங்க’ என்று கேட்டால் கடை என்றே சொல்லுங்கள், முதல் சீட்டில் எழுதியதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. விபத்து அறிக்கை அனுப்ப வேண்டியது கடையின் வேலை. அவர்கள் இழுத்தடித்தால் சம்பளச் சீட்டு, எக்ஸ்ரே, அந்த வாட்ஸ்அப் பிரதி எல்லாவற்றோடும் நீங்களே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் மனுக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள்.