ஒகேனக்கல் படத்தில் அருவி வெளுத்துவிட்டது, பரிசலில் இருப்பவர்கள் இருட்டில். போட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் வைத்துத் தனித்தனியாகச் சரிசெய்வது எப்படி?

உச்சிவெயிலில் ஒகேனக்கல்லில் எடுத்தால் வழக்கமாக வரும் சிக்கல்தான் இது. ஒரு பக்கம் வெள்ளை நுரை, மறுபக்கம் பாறை நிழல். படம் முழுக்க வெளிச்சத்தைக் கூட்டினால் முகங்கள் தெளியும், ஆனால் அருவி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். குறைத்தால் நீர் நன்றாக வரும், ஆட்கள் கறுத்துப்போவார்கள்.

மாஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. நுரையின் மேல் கர்சரை வைத்து, அந்தப் புள்ளியின் நிற எண்களைக் காட்டும் இன்ஃபோ பேனலைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்று காட்டினால் அந்த இடத்தில் விவரம் எதுவும் பதிவாகவில்லை. எந்த மாஸ்க்காலும் அதை மீட்க முடியாது. வெள்ளை சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு) இருந்தால் அதில் ஹைலைட்ஸை, அதாவது வெளிச்சமான பகுதிகளை, குறைத்து, நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் போட்டோஷாப்புக்குள் கொண்டுவாருங்கள். 8 பிட் ஜேபெக்கில் நிழலை அதிகம் தூக்கினால் வானத்திலும் நிழலிலும் பட்டை பட்டையாகத் தெரியும்.

லேயர் என்பது படத்தின் மேல் வைக்கும் ஓர் அடுக்கு. மாஸ்க் என்பது அந்த லேயரோடு ஒட்டியிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை உள்ள இடத்தில் அந்த லேயர் செய்யும் மாற்றம் முழுதாகத் தெரியும், கறுப்பில் தெரியாது, நடுச் சாம்பலில் பாதி தெரியும். இது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் ஓரத்தைப் பற்றியதுதான். படத்தில் ஒரு பொருளின் ஓரம் எவ்வளவு கூர்மையோ, மாஸ்க்கின் ஓரமும் அவ்வளவே கூர்மையாக இருக்க வேண்டும். 'எடிட் பண்ணியிருக்காங்க' என்று பார்த்ததும் தெரிந்துவிடும் படங்களில் பெரும்பாலும் தவறியிருப்பது இந்த ஓரம்தான். அதனால் உங்கள் படத்தில் நீருக்கு ஒரு வழி, பரிசலுக்கு ஒரு வழி, பாறைக்கு ஒரு வழி.

முதலில் நீர். சாரலுக்குக் கோடு போட்டாற்போல் ஓரமே கிடையாது, பிரஷ்ஷால் வரைந்தால் நிச்சயம் தெரியும். படத்தின் வெளிச்சத்தையே மாஸ்க் ஆக்கிவிடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்த இடம் எவ்வளவு வெளிச்சமோ அந்த அளவுக்குத் தேர்வாகும். ஓடும் புள்ளிக்கோடு பாதிக்கு மேல் தேர்வான இடத்தை மட்டும்தான் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அப்படியே ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (வெளிச்சத்தை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் லேயர்) சேர்த்தால் அந்தத் தேர்வு மாஸ்க்காக வந்து உட்காரும். கர்வ்ஸ் கோட்டில் வெளிச்சத்துக்கான மேல் பகுதியைக் கீழே இழுங்கள். நுரையின் அடுக்குகள் தெரியத் தொடங்கும்.

ஆனால் வானமும் வெள்ளைச் சட்டைகளும் சேர்ந்து மங்கும். அந்த மாஸ்க்கிலேயே கறுப்பைப் பூசி மறைப்பதைவிட, கர்வ்ஸ் லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டு, குரூப்புக்குக் கறுப்பு மாஸ்க் கொடுத்து, அதில் ஆற்றுப் பகுதியில் மட்டும் பெரிய மென்மையான பிரஷ்ஷால் வெள்ளை பூசுவது மேல். இரண்டு மாஸ்க்கும் அனுமதிக்கும் இடத்தில்தான் மாற்றம் விழும். உள்மாஸ்க்கின் நுணுக்கமும் கெடாது.

பரிசலும் ஆட்களும் நேர்மாறு, ஓரம் தெளிவானது. ஆப்ஜெக்ட் செலக்ஷனாலோ குயிக் செலக்ஷனாலோ தேர்ந்தெடுத்து, இன்னொரு கர்வ்ஸ் லேயர் சேர்த்து நடுப்பகுதியை மேலே தூக்குங்கள். ப்ராபர்ட்டீஸில் ஃபெதர் (மாஸ்க் ஓரத்தை மென்மையாக்கும் அளவு) 1 அல்லது 2 பிக்சல் போதும் (24 மெகாபிக்சல் படத்துக்குச் சொல்கிறேன்). 20, 30 என்று வைத்தால் ஆட்களைச் சுற்றி ஒளிவட்டம் விழும். திரையில் அது கண்ணில் படாமல் போகலாம், பெரிய பிரிண்டில் தப்பாது. லைஃப் ஜாக்கெட்டின் ஆரஞ்சு அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால் அந்த லேயரின் பிளெண்ட் மோடை லூமினாசிட்டி என்று மாற்றுங்கள். வெளிச்சம் மட்டும் கூடும், நிறம் அப்படியே நிற்கும்.

பாறைக்கு பிரஷ்ஷே போதும். வெளிச்சம் கூட்டிய ஒரு கர்வ்ஸ் லேயர், கன்ட்ரோல் ஐ அழுத்தி மாஸ்க்கைக் கறுப்பாக்கல், பிறகு பிரஷ்ஷின் ஹார்ட்னஸ் (ஓரக் கூர்மை) 0, ஃப்ளோ (பூச்சின் வேகம்) 10 சதவீதம் வைத்து வெள்ளையை மெதுவாக ஏற்றுதல். கூடிப்போனால் எக்ஸ் விசையால் கறுப்புக்கு மாறித் திருத்தலாம். பாறையை முழுக்க வெளிச்சமாக்கிவிடாதீர்கள். அங்கே இருட்டு கொஞ்சம் நின்றால்தான் அருவிக்கு எடுப்பு.

மாஸ்க்குக்குப் பதில் படத்திலேயே வெள்ளை அப்பிவிட்டால், லேயர் பேனலில் எந்தச் சிறுபடத்தைச் சுற்றிக் கட்டம் இருக்கிறது என்று பாருங்கள். மாஸ்க்கின் சிறுபடத்தை ஆல்ட் பிடித்துச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரை முழுக்க வரும். விட்டுப்போன ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். ஷிஃப்ட் பிடித்துச் சொடுக்கினால் மாஸ்க் தற்காலிகமாக அணையும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பை நீலவானத்தோடு எடுத்த படமென்றால் இலைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வரைய வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டும் சேனல்ஸ் பேனலில் நீலச் சேனலுக்கு நகல் எடுங்கள். அதில் வானம் வெளிச்சமாகவும் இலைகள் இருட்டாகவும் இருக்கும். லெவல்ஸால் வேறுபாட்டை இறுக்கி, அந்த நகலைக் கன்ட்ரோல் பிடித்துச் சொடுக்கினால் வானம் தேர்வாகிவிடும்.

போட்டோஷாப்புக்குப் பதில் இலவச மென்பொருளான ஜிம்ப் பயன்படுத்துகிறீர்களா? லேயரை நகலெடுத்து, மாஸ்க் சேர்க்கும்போது 'லேயரின் கிரேஸ்கேல் நகல்' என்ற தேர்வைக் கொடுங்கள், நீருக்கான மாஸ்க் ஒரே சொடுக்கில் கிடைக்கும். மாஸ்க்கை முதலில் சேர்த்துவிட்டு, பிறகு லேயரின் படத்தைச் சொடுக்கி கர்வ்ஸ் போட வேண்டும். வரிசை மாறினால் இருட்டாக்கிய படத்திலிருந்து மாஸ்க் உருவாகி, வலு குறைந்துவிடும்.

சேமிப்பது பிஎஸ்டி அல்லது லேயரோடு டிஃப், ஜிம்ப்பில் எக்ஸ்சிஎஃப். ஜேபெக்காக மட்டும் வைத்தால் லேயர்கள் ஒன்றாகிவிடும், நாளைக்கு முகத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைக்க நினைத்தாலும் மாஸ்க் இருக்காது.