வினிகர் வாடை அடிக்கும் ஆஸ்பிரினைப் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்திருக்கிறார்கள். தினமும் இரவு 75 மி.கி. ஆஸ்பிரின் போடுகிறார். அட்டையைப் பிரிக்கச் சிரமமாக இருக்கிறது என்று இரண்டு மாத மாத்திரையை ஒரே நாளில் பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, சமையலறை அலமாரியில் வைத்துக்கொள்வார். போன வாரம் அதைத் திறந்தால் குப்பென்று வினிகர் வாடை. அட்டையில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதைப் போடலாமா? இதுவரை போட்டதால் ஏதாவது கெடுதல் வருமா? இன்னும் இரண்டு சந்தேகம். அம்மாவும் "நெஞ்சுக்கு நல்லதாம்" என்று அதிலிருந்து அவ்வப்போது ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்கிறார். பல்வலி என்றால் டிஸ்பிரினை உடைத்துப் பல்லிடுக்கில் வைப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். இதெல்லாம் சரியா?
– தூத்துக்குடி வாசகி

பதில்: டப்பாவில் இருப்பதைப் போட வேண்டாம், மொத்தமாக ஒதுக்கிவிடுங்கள். ஆனால் ஒதுக்கும் முன்பே புது அட்டை வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் "மாத்திரை கெட்டுப்போச்சாம்" என்று கேள்விப்பட்டு நாலைந்து நாள் போடாமல் இருந்தால், அந்த வாடையைவிட அதுதான் பெரிய ஆபத்து. இன்றைக்கு ராத்திரி வேளை தவறக் கூடாது.

இனி அந்த வாடைக்கு வருவோம். சாலிசிலிக் அமிலம் என்ற பொருளோடு அசிட்டைல் என்ற சிறு தொகுதியை எஸ்டர் பிணைப்பால் ஒட்டினால் கிடைப்பதுதான் ஆஸ்பிரின். வெள்ளைப் படிகம். 135 டிகிரி வாக்கில் உருகும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு கிராம் கரைய ஏறக்குறைய 300 மி.லி. தண்ணீர் வேண்டும். ஈரமில்லாத இடத்தில் வைத்தால் அந்தப் பிணைப்பு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். ஈரக்காற்று பட்டால் கதை வேறு. நீர் மூலக்கூறு போய்ப் பிணைப்பை அறுத்துவிடும். ஒரு பக்கம் சாலிசிலிக் அமிலம் மிஞ்சும், மறுபக்கம் கழன்றுபோன அசிட்டைல் தொகுதி அசிட்டிக் அமிலமாக மாறும். வினிகரில் இருப்பதும் அதே அசிட்டிக் அமிலம்தான். டப்பாவைத் திறந்ததும் உங்கள் மூக்கில் ஏறியது அது.

கடலோர ஊர், சமையலறை ஆவி, அடுப்புச் சூடு, அட்டையிலிருந்து பிரித்த மாத்திரை. இந்த நாலும் சேர்ந்தால் அட்டையில் போட்ட தேதிக்கு மதிப்பில்லை. அந்தத் தேதி, பிரிக்காத அட்டையை அதில் சொன்னபடி வைத்திருந்தால் மட்டும் பொருந்தும். உங்கள் அப்பாவுடையது பெரும்பாலும் குடலில் கரையும் மேற்பூச்சு போட்ட மாத்திரையாக இருக்கும். அந்தப் பூச்சு இரைப்பை அமிலத்தில் கரையாமல் இருப்பதற்காகப் போட்டது. மாதக்கணக்கில் ஈரக்காற்றைத் தடுத்து நிற்கும் என்று அதை நம்ப முடியாது.

ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பூச்சு உப்பி, புள்ளி விழுந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். பூச்சில்லாத மாத்திரையாக இருந்தால் ஓரத்தில் மெல்லிய ஊசி ஊசியாகப் படிகம் பூத்திருக்கும். அது சாலிசிலிக் அமிலம். வீட்டில் கல்லூரியில் வேதியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். மாத்திரைத் தூளில் ஃபெரிக் குளோரைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால், கெட்டுப்போனது பளிச்சென்று ஊதாவாக மாறும். சுத்தமான ஆஸ்பிரின் அந்த நிறம் காட்டாது.

இதுவரை போட்டதால் விஷம் ஏறியிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். நல்ல ஆஸ்பிரினை விழுங்கினாலும், அது ரத்தத்தில் கலந்த அரை மணி நேரத்துக்குள் உடம்பு அதைப் பெருமளவு சாலிசிலிக் அமிலமாகத்தான் மாற்றிவிடுகிறது. 75 மி.கி. என்பது சிறிய அளவு. கெட்ட மாத்திரை இரைப்பையைக் கூடுதலாக எரிக்கலாம். கால் ஆணியைக் கரைக்கக் கடையில் விற்கும் பிளாஸ்டரில் இருப்பதும் இதே சாலிசிலிக் அமிலம்தான் என்றால் அதன் அரிக்கும் குணம் புரியும். ஆனால் என் கவலை அதுவல்ல. மாத்திரை தன் வேலையைச் செய்திருக்காது என்பதுதான் கவலை.

ரத்தக்கட்டைத் தடுக்கும் அந்த வேலையைச் செய்ய வேண்டியது, ஈரத்தில் கழன்றுபோன அந்த அசிட்டைல் தொகுதிதான். ரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தக்கட்டு உண்டாக, அவற்றுக்குள் இருக்கும் காக்ஸ்-1 என்ற நொதி உதவுகிறது. ஆஸ்பிரின் அந்த நொதியைத் தொட்டதும் தன் அசிட்டைல் தொகுதியை அதன்மேல் நிரந்தரமாக ஒட்டிவிட்டுப் போகிறது. பூட்டின் சாவித் துவாரத்தில் மெழுகை உருக்கி ஊற்றிய மாதிரி. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் புது நொதி செய்துகொள்ளவும் வழியில்லை. தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை அது முடங்கியே கிடக்கும். வலிக்கு 300 மி.கி.க்குக் குறையாமல் கேட்கும் மருந்து, இதயத்துக்கு 75 மி.கி.யில் போதுமானதாக இருக்கும் ரகசியம் இதுதான். வெறும் சாலிசிலிக் அமிலத்தால் இதைச் செய்ய முடியாது. ஒட்ட அதனிடம் ஒன்றுமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மூட்டுவலிக்கு சாலிசிலிக் அமிலத்தையும் அதன் உப்பையும்தான் கொடுத்தார்கள். வயிறு தாங்கவில்லை. அந்த எரிச்சலைக் குறைக்கத்தான் 1897-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அசிட்டைல் தொகுதியை ஒட்டிச் சுத்தமான வடிவில் தயாரித்தார். 1899-ல் ஆஸ்பிரின் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. அது வலியை எப்படிக் குறைக்கிறது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் கண்டு சொன்னது 1971-ல். அதற்காக 1982-ல் நோபல் பரிசும் கிடைத்தது. வயிற்றைக் காப்பாற்ற ஒட்டிய துண்டு வயிற்றை முழுதாகக் காப்பாற்றவில்லை, பல பத்தாண்டுகள் கழித்து இதயத்தைக் காப்பாற்றுவதாகத் தெரிய வந்தது.

"லேசாகத்தானே வாடை அடிக்கிறது, பாதியாவது வேலை செய்யாதா?" என்று அப்பா கேட்கலாம். செய்யலாம். அசிட்டிக் அமிலம் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், ஆகவே வாடை வந்ததாலேயே மருந்து முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. எந்த மாத்திரையில் எவ்வளவு மிச்சம் என்று வீட்டில் அளக்க முடியாது, அதுதான் சிக்கல். ஒரு அட்டை விலை சில ரூபாய்தான். அதற்காக ஸ்டென்டோடு விளையாட வேண்டாம். அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது, இத்தனை நாள் இப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நடுவில் நெஞ்சு அழுத்தம், மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே 108.

மூட்டுவலிக்கு இபுபுரூஃபன் வாங்கிப் போடும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இபுபுரூஃபன் முந்திக்கொண்டு அதே நொதியில் உட்கார்ந்துவிட்டால் ஆஸ்பிரினுக்கு ஒட்ட இடமிருக்காது. பல் பிடுங்க வேண்டி வந்தால் ஸ்டென்ட் விஷயத்தை முதலிலேயே சொல்ல வேண்டும். "ரத்தம் நிற்காது" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

சரி, அம்மா. அவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, மருத்துவரும் எழுதித் தரவில்லை என்றால் அந்த டப்பாவை இனி தொட வேண்டாம். ஆரோக்கியமான முதியவர்களுக்கு தினமும் 100 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தால் நன்மை உண்டா என்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆஸ்ப்ரீ என்ற பெரிய ஆய்வு நடத்தி, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை, பெரிய ரத்தப்போக்குகள்தான் கூடின. இதய நோய் வராதவர்கள் 60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-ல் சொல்லிவிட்டது. அப்பாவுக்கு நல்லது என்பதற்குக் காரணம் அவருடைய ஸ்டென்ட். அது அம்மாவிடம் இல்லை.

ரத்தப்போக்கு ஏன் கூடுகிறது? அதே காக்ஸ்-1 நொதி இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலம் சுரக்கவும் உதவுகிறது. அதை முடக்கினால் இரைப்பை தன் சொந்த அமிலத்துக்கே இரையாகும். மேற்பூச்சு போட்ட மாத்திரை நேரடி எரிச்சலைக் குறைக்கும், ஆனால் மருந்து ரத்தம் வழியாகச் சுற்றி வந்து செய்யும் இந்தக் கெடுதலை அதனால் தடுக்க முடியாது. மலம் தார் போலக் கறுத்துப் போனால், வாந்தியில் காப்பித்தூள் நிறம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய குடற்புண், ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினைத் தொடவே கூடாது. சிலருக்கு ஒரே மாத்திரையில் மூச்சு இறுகிவிடும்.

பல்லிடுக்கில் வைப்பது வேண்டவே வேண்டாம். டிஸ்பிரினும் ஆஸ்பிரின்தான், ஆஸ்பிரின் ஓர் அமிலம். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சதை வெந்து வெள்ளையாகி உரியும். பல் மருத்துவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், அவ்வளவு சகஜமான புண் இது. வலி நிவாரணம் நொதியை முடக்குவதால் வருகிறது, அதற்கு மருந்து ரத்தத்தில் கலந்தாக வேண்டும். பல்மேல் வைப்பதில் கிடைக்கும் பலன் எல்லாம், உமிழ்நீரோடு விழுங்கியதால் கிடைத்ததுதான். டிஸ்பிரினை அதற்கென்றே தண்ணீரில் கரையும்படி செய்திருக்கிறார்கள். கரைத்த உடனே குடிக்க வேண்டும். பாதி இப்போது, பாதி ராத்திரிக்கு என்று மூடி வைக்கக் கூடாது. தண்ணீரில் கரைந்த ஆஸ்பிரின் இன்னும் வேகமாக உடையும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா? காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூ, அம்மை போன்ற வைரஸ் காய்ச்சலில் இதைக் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம். அபூர்வம்தான், ஆனால் உயிரைப் பறிக்கும். பிரிட்டனில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொன்னாலன்றிக் கொடுக்கக் கூடாது என்றே விதி. டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் பெரியவர்களும் வலிக்கென்று இதை வாங்கிப் போடக் கூடாது. தட்டணு ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும், மிச்சமிருப்பதையும் ஆஸ்பிரின் முடக்கும். அந்தக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான், அதுவும் அளவோடு. அப்பாவைப் போல இதயத்துக்காகப் போடுபவருக்கு டெங்கு வந்தால் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

குழந்தை தவறுதலாக மாத்திரையை விழுங்கினால் கணக்கு இப்படி: எடைக்குக் கிலோவுக்கு 150 மி.கி. தாண்டினாலே நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். 10 கிலோ குழந்தைக்கு 300 மி.கி. மாத்திரை ஐந்து போதும். காது இரைச்சல், வாந்தி, வேக வேகமான மூச்சு, உடம்பு கொதிப்பு, பிறகு மயக்கம், வலிப்பு. மேற்பூச்சு மாத்திரையாக இருந்தால் முதல் சில மணி நேரம் குழந்தை நன்றாகவே விளையாடும். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அட்டையோடு மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. சோடியம் பைகார்பனேட் ஏற்றிச் சிறுநீரைக் காரமாக்குவார்கள். காரத்தில் இந்த அமிலம் மின்னூட்டம் பெற்றுவிடும், சிறுநீரிலிருந்து மறுபடி ரத்தத்துக்குத் திரும்ப முடியாமல் வெளியேறும். முற்றிவிட்டால் டயாலிசிஸ்.

மாத்திரையைவிட நான் பயப்படுவது தைலக் குப்பிக்குத்தான். ஊட்டிக்குப் போனால் யூகலிப்டஸ் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலமும் வாங்கி வருகிறோம். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்குச் சித்தப்பா பிள்ளை முறை. கலப்பில்லாத அந்தத் தைலம் ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். மிட்டாய் வாசனை வேறு. ஒரு குழந்தையின் உயிர் போக அந்த ஒரு ஸ்பூன் போதும். குப்பி உயரத்தில், பூட்டில் இருக்கட்டும். அதில் சேர்ந்த முட்டிவலி தைலம், ஸ்பிரே எல்லாம் தோல் வழியாகவும் உள்ளே போகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை போடுபவர்கள் தினமும் நிறையத் தேய்த்துக்கொண்டால் ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகும். மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியல் சொல்லும்போது தைலத்தையும் சொல்லுங்கள்.

இனி அப்பா மாத்திரை வைக்கும் இடம். அட்டையைப் பிரிக்காமல், படுக்கையறை பீரோவில், வெயில் படாத தட்டில். சமையலறை, குளியலறை, ஃபிரிட்ஜ் மேல்புறம் மூன்றும் ஆகாது. விரல் நடுங்கிப் பிரிக்க முடியவில்லை என்றால் வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மட்டும் நீங்களே பிரித்துப் போட்டுக் கொடுங்கள். மேற்பூச்சு மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம்.

பழைய டப்பாவில் இருப்பதைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். பயன்படுத்திய டீத்தூளோடு பிசைந்து, ஒரு கவரில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள், பிள்ளைகளோ தெருநாய், பூனையோ எடுக்காதபடி. புது அட்டையிலேயே முதல் மாத்திரையைப் பிரிக்கும்போது வினிகர் வாடை வந்தால், பில்லோடு கடையில் திருப்பிக் கொடுத்து வேறு பேட்ச் கேளுங்கள்.