அவருக்கு விரல், எனக்கு முதுகு

வணக்கம் மேடம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். வீட்டுக்காரர் கட்டிங்ல இருந்தாரு, ரெண்டு வருஷம் முன்னாடி மெஷின்ல வலது கையில மூணு விரல் போயிருச்சு. ஈஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டுல மாசாமாசம் பென்ஷன் வருது. அன்னையிலிருந்து வீட்டோடதான் இருக்காரு, வேற வேலைக்கு போங்கன்னா பென்ஷன் கட்டாயிரும்ங்கறாரு. நாலரைக்கு எந்திரிச்சு சமைச்சு வச்சுட்டு ஓடறேன், ராத்திரி வந்தா காலையில டீ குடிச்ச டம்ளர் எறும்பு மொய்ச்சு அங்கயே கிடக்குது. இப்ப எனக்கும் முதுகுவலி, ஈஎஸ்ஐ டாக்டர்தான் லீவு எழுதி தர்றாரு, இந்த வருஷம் 50 நாள் ஆயிருச்சு. புருசனப் பாத்து பொண்டாட்டியும் கத்துக்கிட்டான்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. நாத்தனாரும் அதயேதான் சொல்றாங்க. நான் நடிக்கல மேடம், நெசமாலுமே வலிக்குது. லீவு நாள்ல மட்டும் கொஞ்சம் குறையுது, அவரும் கண்ணு முன்னாடியே இருக்காரு, மத்த நாள்ல அவரோட தூக்க மாத்திரைய டிபன் பையில போட்டு எடுத்துக்கிட்டுதான் கம்பெனிக்கு போறேன். சூப்பர்வைசர் அப்படி பேசினது சரிங்களா? இவர எப்படி வேலைக்கு அனுப்பறது?

அன்புத் தங்கச்சிக்கு,

சூப்பர்வைசர் பேசினது தப்பு, அத அதோட விட்டுருவோம். எனக்கு அந்த டிபன் பைதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. மாத்திரைய ஏன் எடுத்துட்டு போறீங்கன்னு நீங்க எழுதல, எழுத பயமா இருந்திருக்கும்.

உங்க வலி நெசம்தான். நாள் பூரா மெஷின்ல குனிஞ்ச முதுகு, மனசு பூரா வீட்டு வாசல்ல. ஈஎஸ்ஐ-ல உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் தர்றாங்க, ஆனா புருசன பக்கத்துல இருந்து பாத்துக்க ஒரு நாள் கூட கிடையாது. அப்ப பாத்துக்கற ஆளும் நோயாளி ஆனாத்தான் வீட்ல இருக்க முடியும். நீங்க திட்டம் போட்டு செய்யல, உங்க உடம்பு அதுவா அந்த வழிய கண்டுபிடிச்சிருக்கு.

ஆனா ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. லெட்டர்ல அவர் சோம்பேறி, பையிலயோ அவர் ஏதாவது பண்ணிக்குவாரோங்கற பயம். இந்த ரெண்டுல அவருக்கு எது தெரியும்? டம்ளருக்கு போடற சத்தம் மட்டும்தான் தெரியும். நிரந்தர இயலாமைக்கு தர்ற அந்தப் பென்ஷன் வேலைக்கு போனாலும் நிக்காது, ஈஎஸ்ஐ ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. கட்டிங்காரருக்கு கைதான எல்லாம், அந்தக் கையோட நாலு பேர் முன்னாடி போய் நிக்கறதுதான் அவருக்கு கஷ்டம்னு நெனக்கிறேன். அதனால இப்ப வேலைப் பேச்சே எடுக்காதீங்க.

இன்னைக்கு ராத்திரியே பக்கத்துல உக்காந்து, "சாகணும்னு தோணுதாங்க?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த நெனப்ப நாமளே உண்டாக்கிருவோம்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது. ஆமான்னு சொன்னா தனியா விடாம மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, உங்க ஈஎஸ்ஐ கார்டுலயே அவருக்கும் வைத்தியம் உண்டு. 14416 டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர், எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது, நீங்களும் பேசலாம். முதுகுக்கு பாக்கற டாக்டர்கிட்டயும் இந்த பை விஷயத்த சொல்லுங்க.

மாத்திரை உங்ககிட்டயே இருக்கட்டும். ஏன் வச்சிருக்கீங்கன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிருங்க.